ஆலோசகர்களுக்குப் போகும் அரசுப் பணம்: டெண்டர் தளங்கள், ஜெம், ஆர்டிஐ ஆன்லைன் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

ஒரு மேம்பாலத்துக்கு எவ்வளவு செலவு என்று தெரிந்துகொள்ளப் பெரிய சிரமம் இல்லை. பணி நடக்கும் இடத்தில் நிற்கும் பலகையிலேயே மதிப்பீட்டுத் தொகையும் ஒப்பந்ததாரர் பெயரும் இருக்கும். அந்த மேம்பாலம் அங்கே தேவைதானா என்று ஆய்வு செய்து அறிக்கை கொடுத்த ஆலோசனை நிறுவனத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள எந்தப் பலகையும் கிடையாது. விவரம் முழுக்க மறைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. நாலைந்து தளங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அந்தத் தளங்களை ஒரு சாதாரணக் குடிமகன் பயன்படுத்தும் கோணத்திலிருந்து மதிப்பிடுவதுதான் இந்த மதிப்புரை.

இங்கே பார்க்கப்படுபவை: மத்திய அரசின் இ-புரோக்யூர் டெண்டர் தளம், தமிழ்நாடு அரசின் டிஎன்டெண்டர்ஸ், அரசு மின்சந்தையான ஜெம், பட்ஜெட் ஆவணங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஐ) கீழ் மனு போடும் ஆர்டிஐ ஆன்லைன். எல்லாமே இலவசம், ஆர்டிஐக்கு மட்டும் 10 ரூபாய். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டெண்டர் தளங்கள் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள் வரை நம்மோடு வரும். பணம் பட்டுவாடா ஆகத் தொடங்கும் இடத்தில் கையை விட்டுவிடும். அதற்கு அப்பால் ஆர்டிஐ ஒன்றுதான் வழி. அதுவும் ‘எவ்வளவு செலவு?’ என்று கேட்டால் பலிக்காது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் பலிக்கும்.

தேடத் தொடங்கும் முன் ஒரு விஷயம். ‘கன்சல்டன்ட்’ என்ற ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் பாதிக்கு மேல் தப்பிவிடும். அரசு அலுவலகங்களில் இந்த வேலைக்குப் பல பெயர்கள் உண்டு. விரிவான திட்ட அறிக்கை தயாரிப்பவர் டிபிஆர் கன்சல்டன்ட். பணியை மேற்பார்வை பார்ப்பவர் பிஎம்சி, அதாவது திட்ட மேலாண்மை ஆலோசகர். துறைச் செயலர் அலுவலகத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் குழு பிஎம்யூ, அதாவது திட்ட மேலாண்மை அலகு. தனியாரோடு கூட்டு முயற்சி என்றால் டிரான்சாக்‌ஷன் அட்வைசர். தரப் பரிசோதனைக்குத் தேர்ட் பார்ட்டி இன்ஸ்பெக்‌ஷன். இவை போக நாலெட்ஜ் பார்ட்னர், டெக்னிக்கல் சப்போர்ட் யூனிட், ‘செலக்‌ஷன் ஆஃப் ஏஜென்சி’ என்று பட்டும் படாமலும் வைக்கும் தலைப்புகள். தளத்தில் தலைப்பு ஆங்கிலத்தில்தான் பதிவாகியிருக்கும். ஆகவே இந்தச் சொற்கள் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் தனித்தனியாகத் தட்டித் தேட வேண்டும்.

முதலில் டெண்டர் தளங்கள். இ-புரோக்யூரும் டிஎன்டெண்டர்ஸும் தேசியத் தகவலியல் மையம் செய்த ஒரே மென்பொருளில் ஓடுபவை. ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்றதும் வந்துவிடும். முகப்பில் ‘ஆக்டிவ் டெண்டர்ஸ்’ பளிச்சென்று தெரியும். நமக்கு வேண்டியது அது அல்ல. ‘டெண்டர் ஸ்டேட்டஸ்’, ‘ரிசல்ட்ஸ் ஆஃப் டெண்டர்ஸ்’ என்ற இரண்டு இணைப்புகள்தான். ஸ்டேட்டஸ் பக்கத்தில் துறையைத் தேர்ந்தெடுத்து, நிலை என்ற இடத்தில் ஏஓசி, அதாவது ஒப்பந்தம் வழங்கப்பட்டது என்பதைத் தெரிவு செய்து, தேதி இடைவெளி கொடுத்து, கேப்ச்சா போட்டால் பட்டியல் வரும். ஒவ்வொரு டெண்டருக்கும் ஓர் அடையாள எண் உண்டு: ஆண்டு, அலுவலகத்தின் சுருக்கெழுத்து, ஆறிலக்க எண், கடைசியில் உள்வரிசை எண், இவை அடிக்கோட்டால் இணைக்கப்பட்டிருக்கும். இந்த எண்ணை அப்படியே எழுதி வையுங்கள். பிறகு ஆர்டிஐ மனுவில் இதைக் குறிப்பிட்டால் ‘எந்த ஒப்பந்தம் என்று தெளிவில்லை’ என்ற பதிலுக்கு இடமே இருக்காது.

ஒரு டெண்டரைத் திறந்தால் யார் யார் போட்டியிட்டார்கள், தொழில்நுட்ப மதிப்பீட்டில் யார் தேறினார்கள், விலைப்புள்ளி ஒப்பீட்டு அட்டவணை, வென்றவர், ஒப்பந்தத் தொகை எல்லாம் வரவேண்டும். அலுவலகம் ஒழுங்காகப் பதிவேற்றியிருந்தால் வரும். ஆனால் பல ஆலோசனை டெண்டர்கள் ‘டெக்னிக்கல் எவாலுவேஷன்’ அல்லது ‘ஃபைனான்ஷியல் எவாலுவேஷன்’ என்ற நிலையிலேயே நின்றுபோயிருக்கும். ஒப்பந்தம் போட்டு, வேலை முடிந்து, அறிக்கையும் கைக்கு வந்திருக்கும். தளத்தில் மட்டும் மதிப்பீடு நடந்துகொண்டே இருக்கும். கடைசிக் கட்டத்தை அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து பதிவு செய்தால்தான் நிலை மாறும் என்பதே காரணம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் 159-ஆம் விதி டெண்டர் அறிவிப்பையும் ஒப்பந்தம் வழங்கிய விவரத்தையும் இணையத்தில் வெளியிடச் சொல்கிறது. ஆகவே அப்படி நின்றுபோன மத்திய அரசு டெண்டர் ஒன்றைக் கண்டால், அதையே மனுவின் முதல் கேள்வியாக வைக்கலாம்.

தளத்தின் தொல்லைகளில் முதன்மையானது, சற்று நேரம் கை எடுத்தால் அமர்வு காலாவதியாகிவிடுவது. இரண்டு தாவல்களில் ஒரே சமயத்தில் திறந்தாலும் சிக்கல்தான். ஒரு தாவலில் ஒரு வேலை என்று வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: டெண்டர் திறந்திருக்கும்போதே ஆர்எஃப்பியை, அதாவது நிறுவனங்களிடம் முன்மொழிவு கேட்டு அலுவலகம் வெளியிடும் ஆவணத்தை, இறக்கிச் சேமித்துவிடுங்கள். வேலை வரம்பு, குழுவில் எத்தனை பேர், எத்தனை மாதம், எந்தக் கட்டத்தில் எத்தனை சதவீதம் பணம், அறிக்கையின் உரிமை யாருக்கு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பின்னால் வரும் எல்லாச் சண்டைக்கும் அதுதான் ஆதாரம்.

தொகையைப் படிக்கும்போது மூன்று இடங்களில் தவறு வரும். ஒன்று ஜிஎஸ்டி. விலைப்புள்ளி பெரும்பாலும் வரி நீங்கலாகவே கேட்கப்படும். பட்டுவாடாவில் பொதுவாக 18 சதவீதம் சேரும். ஆக, தளத்தில் 1 கோடி என்று இருந்தால் அரசு கொடுப்பது 1 கோடியே 18 லட்சம். இரண்டாவது, சதவீதக் கட்டணம். பிஎம்சி ஒப்பந்தங்கள் சிலவற்றில் ‘திட்டச் செலவில் இத்தனை சதவீதம்’ என்றே விலை கேட்பார்கள். அப்போது ரூபாய்த் தொகை ஒப்பந்த நாளில் எங்குமே எழுதப்பட்டிருக்காது. திட்டச் செலவு ஏற ஏற ஆலோசகர் கட்டணமும் ஏறும். மூன்றாவது, நீட்டிப்பு. 12 மாதத்துக்குப் போட்ட ஒப்பந்தம் 30 மாதம் ஓடினாலும் தளத்தில் பழைய தொகைதான் நிற்கும். ஆலோசனைச் செலவில் பெரிய பணம் போகும் வழி பெரும்பாலும் இந்த நீட்டிப்புதான் என்பதால், இது இந்தத் தளங்களின் ஆகப் பெரிய ஓட்டை.

மதிப்பெண் விஷயத்தையும் விரிவாகப் பார்த்தாக வேண்டும். கட்டட வேலையில் பொதுவாகக் குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம். ஆலோசனை வேலையில் தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பெண் போடும் முறை அதிகம். தரத்துக்கு 70, விலைக்கு 30 என்றோ 80-க்கு 20 என்றோ வைப்பார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் நிறுவனத்துக்குத் தொழில்நுட்ப மதிப்பெண் 90, விலை 1.50 கோடி. இரண்டாம் நிறுவனத்துக்கு 75, விலை 1 கோடி. 80-க்கு 20 என்ற விகிதத்தில் முதலாவதுக்குத் தரத்தில் 72, விலையில் 66.67-க்கு 20 சதவீதம், அதாவது 13.33, மொத்தம் 85.33. இரண்டாவதுக்கு 60-ம் 20-ம் சேர்ந்து 80. ஐம்பது லட்சம் அதிகம் கேட்டவர் வெல்கிறார். இரண்டாம் நிறுவனத்துக்கு 75-க்குப் பதில் 82 போட்டிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். அந்த 7 மதிப்பெண், குழுவின் முன் செய்துகாட்டும் பிரசன்டேஷனுக்கு ஒதுக்கிய மதிப்பெண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும். இந்த முறையே தப்பு என்பதல்ல. மலிவான அறிக்கை பின்னால் பெரிய நஷ்டம் வைக்கலாம் என்பதால்தான் இப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் 50 லட்சத்தைத் தீர்மானிக்கும் மதிப்பெண் பட்டியலை மக்கள் பார்க்க வேண்டாமா? தளத்தில் மொத்த மதிப்பெண் தெரிந்தாலும், எந்தத் தலைப்பில் யாருக்கு எவ்வளவு போட்டார்கள் என்ற பிரிப்பு தெரிவது அரிது. மனுவில் கேட்டு வாங்க வேண்டிய முக்கியமான ஆவணம் அதுதான்.

டெண்டர் விடாமலே கொடுக்கும் வேலைகளும் உண்டு. மத்தியப் பொது நிதி விதிகளில் 194-ஆம் விதி நியமன முறைக்கு, அதாவது போட்டியில்லாமல் ஒரு நிறுவனத்தையே தேர்வதற்கு, இடம் தருகிறது; காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. 2017-ல் வெளியான விதிகளின்படி 25 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட ஆலோசனைப் பணிக்கு விசாரித்துத் தெரிந்த நிறுவனங்களையே குறும்பட்டியல் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால்தான் விருப்பமுள்ள நிறுவனங்களை அழைக்கும் அறிவிப்பைத் தளத்தில் வெளியிடும் கட்டாயம். தமிழ்நாட்டின் 1998 ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்திலும் 16-ஆம் பிரிவில் விலக்குகள் இருக்கின்றன. இந்த வழியில் போன வேலைகளை டெண்டர் தளத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. தேடிக் கிடைக்கவில்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

இதே வேலையை ஆஸ்திரேலியா எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் குறை எங்கே என்பது விளங்கும். அங்கே ஆஸ்டெண்டர் என்ற தளத்தில், மத்திய அரசுத் துறைகள் 10,000 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஒப்பந்தங்களை 42 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் ‘இது ஆலோசனைப் பணியா? ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம். ஆம் என்றால் ஏன் வெளியாளை அமர்த்தினீர்கள் என்று இன்னொரு கட்டம். ஒப்பந்தம் திருத்தப்பட்டால் அதுவும் பதிவாகும். கனடாவிலும் 10,000 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறார்கள். முழுப் பட்டியலையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். நம் தளங்களிலும் ஒப்பந்தம் வழங்கிய பக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இரண்டு கட்டங்களையும் சேர்ப்பது தொழில்நுட்ப ரீதியாகப் பெரிய வேலை இல்லை.

ஜெம் தளத்தில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. முடிந்த ஒப்பந்தங்களை உள்நுழையாமலே பார்க்கலாம். சேவை வகையில் ‘ஹயரிங் ஆஃப் கன்சல்டன்ட்ஸ் – மைல்ஸ்டோன் / டெலிவரபிள் பேஸ்டு’ என்பதைத் தேர்ந்து, தேதி இடைவெளியைச் சிறிதாக வைத்துத் தேடினால் எந்த அமைப்பு எவ்வளவுக்கு வாங்கியது என்று தெரியும். கட்டம் வாரியாகப் பணம் பிரிந்திருப்பது ஆலோசனைப் பணிக்குப் பொருத்தமான அமைப்பு. குறை என்னவென்றால், பல பிஎம்யூ நியமனங்கள் ஆள் அனுப்பும் சேவை வகைகளுக்குள் போய்விடும்; காவலாளிகளையும் கணினி இயக்குநர்களையும் எடுக்கும் அதே வகையில் ஆலோசகர்களும் கலந்திருப்பார்கள். வகையை மட்டும் நம்பித் தேடினால் அவர்கள் விடுபடுவார்கள்.

பட்ஜெட் ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டு மானியக் கோரிக்கைப் புத்தகங்களில் ‘தொழில்முறை மற்றும் சிறப்புச் சேவைகளுக்கான தொகை’ என்று ஒரு செலவினத் தலைப்பு வரும். மத்தியில் ‘புரொஃபஷனல் சர்வீசஸ்’. ஆலோசகர் கட்டணம் அதில்தான் விழும். ஆனால் வழக்கறிஞர் கட்டணமும் ஒப்பந்த ஆட்களின் சம்பளமும் அதே தலைப்புக்குள் வரும் என்பதால் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ‘ஆலோசகர்களுக்கு இத்தனை கோடி’ என்று எழுதுவது தவறு. அதோடு, பெரிய பணம் இந்தத் தலைப்புக்கு வராமலே திட்டத்தின் பெயரில் போய்விடும். ஸ்மார்ட் சிட்டி திட்டம் நல்ல உதாரணம். 2015 ஜூனில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் வழிகாட்டுதல்படி 93 சதவீதம் பணிகளுக்கு, 2 சதவீதம் அமைச்சகத்துக்கு, 5 சதவீதம் மாநில, உள்ளாட்சி நிர்வாகச் செலவுக்கு. திட்டம் தயாரித்தவர்களுக்கும் பிஎம்சி நிறுவனங்களுக்குமான பணத்துக்கு அந்த 5 சதவீதத்தில்தான் இடம். பட்ஜெட்டில் இது மொத்த மானியமாக ஒரே வரியில் முடிந்துவிடும். தமிழ்நாட்டின் 11 ஸ்மார்ட் சிட்டிகளில் எந்த நகரம் யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை அந்தந்த நகரின் ஸ்மார்ட் சிட்டி நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

இனி ஆர்டிஐ. மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளம் இந்த வரிசையில் ஆகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழுள்ள அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து, மனுவை எழுதி, யுபிஐயிலோ கார்டிலோ 10 ரூபாய் கட்டினால் பதிவு எண் வந்துவிடும். மனுவுக்கான பெட்டி 3,000 எழுத்துகள் வரை கொள்ளும். அது ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே ஏற்பதால், தமிழில் எழுதுபவர்கள் மனுவைப் பிடிஎஃப் ஆக இணைக்க வேண்டும். 1 எம்பிக்குள், கோப்பின் பெயரில் இடைவெளி இல்லாமல். இடைவெளி விட்டுப் பெயர் வைத்தால் இணைப்பு ஏறாது. ஏன் ஏறவில்லை என்று புரியாமல் பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். பணம் போய்ப் பதிவு எண் வரவில்லை என்றால் உடனே மறுபடி கட்டாதீர்கள். ஓரிரு நாளில் எண் தானாக உருவாகும், இல்லையென்றால் பணம் திரும்பும்.

பதிவு எண்ணின் நடுவில் இருக்கும் எழுத்துகளைக் கவனியுங்கள். ஆர் என்றால் மனு, அதோடு டி சேர்ந்திருந்தால் வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது, ஏ என்றால் மேல்முறையீடு. ஆலோசகர் பற்றிய மனுக்கள் மாற்றப்படுவது மிக அதிகம். ஒரே மனு ஐந்து பிரிவுகளுக்குப் போய் ஐந்து டி எண்கள் வரும். ஒவ்வொன்றையும் தனியாகக் குறித்துவைத்து ஒவ்வொன்றுக்கும் தனி மேல்முறையீடு போட வேண்டியிருக்கும்.

இந்தத் தளத்தில் தமிழ்நாட்டு அரசு அலுவலகத்துக்கு மனு போட்டால் மனு திரும்பிவிடும், 10 ரூபாய் திரும்பாது. மாநில அலுவலகங்களுக்குத் தமிழ்நாடு அரசின் தனி ஆர்டிஐ தளம் இருக்கிறது. தபாலில் அனுப்புவதும் நன்றாகவே நடக்கும். தமிழில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று முகவரியிட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்த விவரத்தை இணையத்தில் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். 30 நாள் கணக்கு மனு அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓடும்.

மனுவில் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. ‘கடந்த பத்தாண்டில் ஆலோசகர்களுக்கு எவ்வளவு செலவிட்டீர்கள், ஏன்?’ என்று கேட்டால் இரண்டு பதில்களில் ஒன்று வரும்: ‘அவ்வாறு தொகுக்கப்பட்ட தகவல் இல்லை’ அல்லது ‘ஏன் என்பது தகவல் அல்ல’. இரண்டும் சட்டப்படி நிற்கும். இல்லாத பட்டியலைப் புதிதாகத் தயாரித்துக் கொடுக்க அலுவலகம் கடமைப்பட்டதல்ல. கையில் உள்ள ஆவணத்தின் நகலைக் கொடுக்கத்தான் கடமைப்பட்டது. ஆகவே இப்படிக் கேளுங்கள்:

‘1. 01.04.2022 முதல் 31.03.2025 வரை இவ்வலுவலகம் ஆலோசகர், திட்ட மேலாண்மை அலகு, டிபிஆர் தயாரிப்பு, மூன்றாம் தரப்பு ஆய்வு ஆகியவற்றுக்கு வழங்கிய ஒவ்வொரு பணி ஆணையின் நகல், உடன்படிக்கையின் நகல்.

2. அவற்றுக்கு வழங்கிய கால நீட்டிப்பு ஆணைகள், தொகை உயர்வு ஆணைகளின் நகல்.

3. தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் தலைப்பு வாரியான மதிப்பெண் பட்டியலின் நகல்.

4. மேற்படி பணிகளுக்குப் பணம் வழங்கியதைக் காட்டும் பட்டியல் பதிவேட்டின் உரிய பக்கங்களின் நகல்.

5. நிறுவனம் சமர்ப்பித்த பட்டியல்களுடன் இணைத்த ஆள்-மாத விவரத் தாள்களின் நகல் (தனிநபர் பெயர்களை நீக்கி, பதவியும் மாதங்களும் மட்டும்).

6. இறுதி அறிக்கையைப் பெற்றுக்கொண்டதாக அலுவலகம் அளித்த ஏற்புக் கடிதத்தின் நகல்.

7. நியமன முறையில் வழங்கப்பட்ட பணி எதுவும் இருப்பின், அதற்கான காரணம் பதிவான கோப்புக் குறிப்பின் நகல்.’

நான்காவது கேள்வியில் பட்டியல் என்றது பில்லை. பதிவேட்டில் மொத்தத் தொகை, பிடித்தங்கள், நிகரத் தொகை எல்லாம் தனித்தனியாக இருக்கும். மொத்தத் தொகையைத்தான் செலவாக எடுத்துக்கொள்ள வேண்டும். வருமான வரிப் பிடித்தம் போக மிஞ்சும் நிகரத்தை எடுத்தால் கணக்கு குறைந்து தெரியும். ஐந்தாவது கேள்வி ஆலோசனை ஒப்பந்தத்தின் உயிர்நாடி. ஆள்-மாதம் என்றால் ஒருவர் ஒரு மாதம் பார்த்த வேலை. ஆர்எஃப்பியில் 15 ஆண்டு அனுபவமுள்ள குழுத் தலைவர் 24 மாதம் என்று மாதக் கட்டணத்தோடு இருக்கும். ஆள்-மாதத் தாளில் அவர் 5 மாதம் மட்டும் வந்து, மீதியில் இளநிலை ஆய்வாளர் உட்கார்ந்திருக்கலாம். அப்படி ஆள் மாறினால் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று பல ஆர்எஃப்பிகளிலேயே விதி இருக்கும். குறைத்தார்களா என்பதைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்று ஆண்டுக்கு மேல் கேட்காதீர்கள், ஒரு மனுவில் ஓர் அலுவலகத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அதிகமாகக் கேட்டால் ஆர்டிஐ சட்டத்தின் 7(9) பிரிவைக் காட்டி ‘அலுவலக வளங்கள் திசைதிரும்பும்’ என்பார்கள். அந்தப் பிரிவு தகவல் தரும் வடிவத்தை மாற்றத்தான் இடம் தருகிறது, மறுக்க இடம் தரவில்லை. அந்தப் பதில் வந்தால் 2(ஜே) பிரிவின்படி நேரில் வந்து கோப்பைப் பார்க்கிறேன் என்று எழுதுங்கள். மத்திய அலுவலகங்களில் முதல் மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பை நேரில் பார்ப்பது பல சமயம் நகல் வாங்குவதைவிடப் பயன் தரும், ஏனென்றால் என்ன கேட்க வேண்டும் என்பதே அங்கேதான் தெரியவரும்.

மறுப்புகளும் ஒரு சில வகைதான். அடிக்கடி வருவது 8(1)(டி): வணிக ரகசியம். டெண்டர் நடந்துகொண்டிருக்கும்போது இது நியாயமான மறுப்பு. ஒப்பந்தம் முடிந்த பிறகு, அரசு கொடுத்த தொகை எப்படி ரகசியமாகும்? மத்தியப் பணியாளர் துறை 15.04.2013 தேதியிட்ட சுற்றறிக்கையில், சேவை வழங்குபவரின் பெயர், விகிதம், மொத்தத் தொகை ஆகியவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மத்திய அலுவலகத்துக்கு எழுதும் மனுவிலும் மேல்முறையீட்டிலும் அந்தத் தேதியைக் குறிப்பிடுங்கள். நிறுவனத்தின் ஆய்வு முறை போன்ற பகுதி உண்மையிலேயே ரகசியம் என்றால் 10-ஆம் பிரிவின்படி அதை மட்டும் மறைத்து மீதியைத் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது 11-ஆம் பிரிவு: ‘நிறுவனம் சம்மதிக்கவில்லை’. மூன்றாம் தரப்புக்கு ஐந்து நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், அவர்கள் 10 நாளில் கருத்துச் சொல்லலாம், மனு வந்த 40 நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவெடுக்க வேண்டும். அவர்கள் ஆட்சேபித்தாலும் முடிவு அலுவலருடையது. ஆட்சேபனை மட்டுமே மறுப்புக்குக் காரணமாகாது. முதல் மேல்முறையீட்டில் அந்த அறிவிப்புக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். அறிவிப்பே அனுப்பாமல் ‘சம்மதம் இல்லை’ என்று எழுதியிருந்தால் அது அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

8(1)(ஜே), தனிநபர் தகவல். 2023-ன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இதைத் திருத்தி, விலக்கை மிக அகலமாக்கிவிட்டது. ஆகவே நிபுணர்களின் பெயர், தன்விவரக் குறிப்பு, சம்பளம் என்று கேட்டால் மனு முழுவதையும் அதில் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. மேலே ஐந்தாவது கேள்வியில் பெயர்களை நீக்கச் சொன்னது இதற்காகத்தான். நிறுவனம் தனிநபர் அல்ல. அதற்குக் கொடுத்த பணமும் தனிநபர் தகவல் அல்ல. இந்தத் திருத்தம் மக்களின் கையில் இருந்த ஒரு கருவியை மழுக்கியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும் 8(2)-ன் பொதுநலன் வாசல் இன்னும் திறந்திருக்கிறது. அதை மேல்முறையீட்டில் எழுதத் தவறாதீர்கள்.

அறிக்கையையே கேட்டால் ‘பதிப்புரிமை நிறுவனத்துடையது’ என்று 9-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். இங்கேதான் சேமித்து வைத்த ஆர்எஃப்பி பயன்படும். தயாரித்த ஆவணங்களின் உரிமை அரசுக்கே என்ற பிரிவு பெரும்பாலான ஆலோசனை ஒப்பந்தங்களில் இருக்கும். அந்தப் பக்கத்தின் நகலை இணைத்தால் மறுப்பு நிற்காது. ‘ஆவணம் ஆலோசகரிடம் இருக்கிறது’ என்ற பதிலும் செல்லாது. அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் உள்ளதும் 2(ஜே)-க்குள் வரும்.

30 நாளில் பதில் இல்லை என்றாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மத்தியத் தளத்திலேயே கட்டணமில்லாமல் போடலாம். அதில் மூன்று வரி போதும்: எந்தக் கேள்விக்குப் பதில் இல்லை, எந்தப் பிரிவைத் தவறாகக் காட்டினார்கள், 19(5)-ன்படி மறுப்பை நியாயப்படுத்தும் பொறுப்பு தகவல் அலுவலருடையது. கெடு தவறிய தகவலை 7(6)-ன்படி இலவசமாகத் தர வேண்டும். இதையும் கேட்டு வாங்குங்கள். முடிவு 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் வர வேண்டும். பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் வழக்குகள் தேங்கிக் கிடப்பதால் அந்தக் கட்டம் நீளும். நாளுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதைக் கோரி ஒரு வரி சேர்ப்பது தகவல் அலுவலரைச் சற்று நிமிர்ந்து உட்கார வைக்கும்.

ஆர்டிஐ பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் பார்க்க இரண்டு பக்கவழிகள் உண்டு. உலக வங்கிப் பணத்தில் நடக்கும் திட்டம் என்றால் அதன் ஒப்பந்தப் பட்டியல் தரவை வங்கியின் தளத்திலேயே இறக்கலாம். ‘கன்சல்டன்ட் சர்வீசஸ்’ என்று தனி வகை, நிறுவனத்தின் பெயர், நாடு, தொகை எல்லாம் இருக்கும். சின்ன ஒப்பந்தங்கள் அதில் எல்லாமும் வராது, பெரியவை வரும். ஸ்மார்ட் சிட்டி போன்றவை கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள். ஆகவே கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் அவற்றின் ஆண்டுக் கணக்குகளை மூன்று மணி நேரம் திறந்து பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். கணக்குக் குறிப்புகளில் சட்ட, தொழில்முறைக் கட்டணம் என்ற வரியைத் தேடுங்கள். திட்டத்துக்கான ஆலோசகர் கட்டணம் பல சமயம் அந்த வரியில் இல்லாமல் நடப்பு மூலதனப் பணிகளின், அதாவது இன்னும் முடியாத பணிகளின், மதிப்போடு சேர்க்கப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பையும் சேர்த்து இறக்கி, பதிவேட்டுப் பக்கங்கள் வந்தவுடன் ஆண்டு வாரியாக ஒத்துப் பாருங்கள்.